அளவுக்கு நின்ற ஆள்

பழைய காலத்துப் பெட்டிக் கேமராவில் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்த்தால் உலகம் தலைகீழாகத் தெரியும். பின்பக்கக் கண்ணாடியில் வானம் கீழே கிடக்கும். மரங்கள் மேலிருந்து தொங்கும். மனிதர்கள் வௌவால் மாதிரித் தலை கீழே தொங்க நிற்பார்கள். வேலை பழகிவிட்டால் மனம் தானாகவே எல்லாவற்றையும் நிமிர்த்திக்கொள்ளும். எனக்கும் பழகித்தான் இருந்தது. ஆனாலும் ஜப்பான்காரன் காலத்தில் ஒரே ஒரு ஆளை மட்டும் நான் நிமிர்த்திக்கொள்ளவில்லை. அவனைத் தொங்கவிட்டே பார்த்தேன்.

அவன் கெடாவில் எங்கள் ரப்பர்த் தோட்டத்துக் கிராணி, ஆள் கணக்கு எழுதும் குமாஸ்தா. எழுதும்போது அவன் என்று எழுதுகிறேன். நேரில் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ‘கிராணியாரே’ என்பதற்கு மேல் அவன் முன்னால் என் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் பெரிய விஷயம். எனக்கு ஆட்கள் முன்னால் பேச வராது. இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, இன்னும் வரவில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரை படித்தேன். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் கையிலிருக்கும் புத்தகம் நடுங்கும். பக்கத்து ஊரான பீடோங்கில், பாசார் தெருவில், தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் போட்டோக் கடையில் வேலைக்குச் சேர்ந்ததற்கும் அதுதான் காரணம். இருட்டறையில் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. கறுப்புத் துணிக்குள் இருப்பவனை யாரும் பார்ப்பதில்லை.

அண்ணன் எனக்கு நேரெதிர். தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவன். எங்கே போனாலும் அவன் சத்தம்தான் முதலில் போகும். சனிக்கிழமைகளில் சைக்கிளில் கடைக்கு வருவான். படத்துக்கு முன்னால் ஆட்கள் ஜோடித்துக்கொள்கிற நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் மீசையை முறுக்கிக்கொள்வான். “ஒரு படம் எடுத்துக்கண்ணே” என்று நான் கேட்டால் சிரிப்பான்.

“எதுக்குடா? எம் மூஞ்சிய நீதான் வாராவாரம் பாக்குறியே. தவுக்கேயோட போட்டோக் கண்ணாடித் தட்ட வீணாக்காத. ஒனக்குக் கல்யாணம் ஆவட்டும், ஒண்ணா நின்னு புடிப்போம்.”

ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து இறங்கியபோது, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார். தோட்டம் கிராணி கைக்கு வந்தது. துரையின் சப்பாத்தும் அவன் காலுக்கு வந்தது. முனையும் குதியும் பழுப்பு, நடுவில் வெள்ளை. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு ஜோடியை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. துரைக்குப் பெரிய கால். கிராணி முன்னால் பழைய பேப்பரைத் திணித்துப் போட்டுக்கொண்டு நடப்பான். “சப்பாத்து மொதல்ல வருது, கிராணியாரு பின்னால வர்றாரு” என்று அண்ணன் சொல்லுவான். லயத்து வரிசை வீடுகளில் அத்தனை பேரும் சிரிப்பார்கள். அது அவன் காதுக்கும் போயிருக்கும்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று உத்தரவு வந்தது. விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிப்பதைத் தோட்டத்தில் பெரட்டு என்போம். அன்றைய பெரட்டுக்கு லாரியோடு சோல்ஜர்களும் வந்து நின்றார்கள். அவர்களுக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். எந்த ஆள் என்பது கிராணியின் குடைக்குத்தான் தெரியும். வரிசை ஓரமாக நடந்துகொண்டே குடை நுனியால் தோளைத் தொட்டான். தொடப்பட்டவன் லாரியில் ஏற வேண்டும். அவனுடைய மச்சானும் வரிசையில் நின்றான். குடை அவனைத் தாண்டி அடுத்து நின்ற என் அண்ணன் தோளில் இறங்கியது.

நான் அப்போது பீடோங்கில் இருந்தேன். அண்ணி சொல்லித்தான் தெரியும். அண்ணி வேலி ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

“கிராணியாரே, வீட்டுல புள்ளத்தாச்சி” என்று அண்ணன் சொல்லியிருக்கிறான்.

“மூணு மாச வேலலா. சோறு போடுறான், துணி குடுக்குறான், திரும்பி வரப்போற. என்னா கவல ஒனக்கு? தம்பிக்காரன் போட்டோ புடிக்கிறவன்தானே? ஒன்னய ஒரு போட்டோ புடிச்சி வூட்டுல மாட்டச் சொல்லு. பொண்டாட்டி பாத்துக்கிட்டு இருக்கட்டும்.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்களாம். பயத்தில் சிரித்திருப்பார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. செய்தி கேட்டு, லாரி போய்ச் சேரும் ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயில் போயிருந்தது. தண்டவாள ஓரத்தில் யாருடைய தலைப்பாகைத் துணியோ ஒன்று கிடந்தது. அண்ணனுடையது அல்ல. அதைப் பார்த்தபடி நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் உள்ளவன் முகத்தையெல்லாம் தட்டில் பிடித்து வைத்திருக்கிற என்னிடம் என் அண்ணன் முகம் ஒன்றுகூட இல்லை.

தவுக்கே அதற்கு முன்பே ஜப்பான்காரனுக்குப் பயந்து குடும்பத்தோடு காட்டுப் பக்கம் போய்விட்டார். கடையையும் கேமராவையும் ஜப்பான் ஆபீஸ் எடுத்துக்கொண்டது. இருட்டறை வேலை தெரிந்த ஆள் என்பதால் என்னையும் எடுத்துக்கொண்டார்கள். அடையாள அட்டைக்கு முகம் பிடித்துக்கொண்டிருந்தேன். சில மாதங்களில் ஓர் அதிகாரி வந்தார். சோல்ஜர் இல்லை, மூக்குக்கண்ணாடி போட்ட வயதான மனிதர். இடுப்பில் வாள் இல்லை, பையில் பிரஷ் இருந்தது. பழைய கோட்டைகளையும் வெள்ளைக்காரன் தோண்டி எடுத்த கோயில் கற்களையும் படம் பிடித்து தங்கள் நாடான நிப்போனில் ஒரு மியூசியத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார். அவருக்கு இங்கிலீஷ் வரும். அவர் சொல்வதை மலாயிலும் தமிழிலும் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. நிப்போன்கோ என்ற ஜப்பான் பேச்சும் அரைகுறையாகக் கற்றுக்கொண்ட ஒருவன் தோட்டத்தில் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலை லாரியின் முன் சீட்டில் வெள்ளையும் பழுப்புமாக ஒரு சப்பாத்து ஏறி உட்கார்ந்தது.

“டேய் போட்டோ, நீயா? நல்லதாப் போச்சு. நம்ம ஆளு” என்றான்.

நான் பின்னால் கேமராப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணாடித் தட்டுகள் குலுங்கக் கூடாது.

முதலில் கோலா கெடாவுக்குப் போனோம். ஆற்றைச் சம்பான் என்ற சிறு படகில் கடந்தால் கோட்டை. செங்கல் மதில், கடலைப் பார்த்துக்கொண்டு துருப்பிடித்த பீரங்கிகள், எங்கும் கருவாட்டு வாடை. அதிகாரி ஒவ்வொரு கல்லையும் தடவிப் பார்த்தார். பிறகு, மதிலின் உயரம் படத்தில் தெரிவதற்குப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தச் சொன்னார். இந்த வேலையில் அது வழக்கம். வெறும் கல்லை மட்டும் எடுத்தால் அது முழங்கால் உயரமா ஆள் உயரமா என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. ஆள் நின்றால் கல்லின் அளவு தெரியும். கிராணி தானாகவே ஓடிப்போய் நின்றான். தலையைத் தடவிக்கொண்டான். பீரங்கி மேல் கையை ஊன்றிக்கொண்டான்.

நான் கறுப்புத் துணிக்குள் போனேன். பின்கண்ணாடியில் அவன் தொங்கினான். துரையின் சப்பாத்து மேலே, தலை கீழே. கசாப்புக் கடையில் தொங்குகிற ஆட்டைப்போல இருந்தது.

அந்தக் காலத்துத் தட்டுகளில் படம் விழ நேரமாகும், ஆனால் அவ்வளவு நேரம் ஆகாது. அது அவனுக்குத் தெரியாது.

“அசையாதீங்க கிராணியாரே” என்றேன்.

“இன்னுமாடா?”

“இன்னும் கொஞ்சம். மூச்சு வுடாதீங்க. வெளிச்சம் பத்தல.”

உச்சிவெயில் அடித்துக்கொண்டிருந்தது. வேர்வை அவன் கண்ணுக்குள் இறங்கியது. துடைக்க முடியாமல் விறைத்து நின்றான். துணிக்குள் இருந்தபடி நான் வேண்டிய மட்டும் பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் தட்டைச் செருகிப் படம் எடுத்தேன். கோத்தா கோலா மூடாவில் இடிந்த மதிலோரம் அப்படி நிறுத்தினேன். மெர்போக் பக்கம் காட்டுக்குள் கிடக்கும் கோயில் அஸ்திவாரங்களில் காலில் அட்டை ஏற ஏற நிறுத்தினேன். சுங்கைப்பட்டாணியில் ஒரு சர்க்கார் கொட்டகை இருந்தது. வெள்ளைக்காரன் தோண்டி எடுத்த பாசிமணிகளும் உடைந்த பீங்கானும் கையளவு வெண்கலச் சிலைகளும் அங்கே சாக்குக்குள் கிடந்தன. அவற்றைக் கறுப்புத் துணியில் பரப்பிப் படம் எடுத்தோம். அளவுக்கு அவன் கையை வைத்தான். மோதிரம் தெரியும்படி வைத்தான். என்னால் வாங்க முடிந்த பழி அவ்வளவுதான், ஒருவனை வெயிலில் நிறுத்துவது. அதையும் நான் ஒருநாள்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு கல்லில் எழுத்துகள் தேய்ந்து போயிருந்தன. படத்தில் விழாது என்றேன். அதிகாரி ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். அரிசிமாவு. அதைக் கல்லில் தூவி, எழுத்துப் பள்ளங்களில் நிற்கும்படி பிரஷால் பதமாகத் தடவினார். எழுத்து வெள்ளை வெளேரென்று எழுந்து வந்தது. நாங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்காத காலம் அது. அண்ணிக்குக் குழந்தை பிறந்து, பால் ஊறவில்லை என்று சோற்றுக் கஞ்சிக்கு அலைந்துகொண்டிருந்தோம். அந்தக் கல் ஒரு வீட்டுக் கஞ்சியைத் தின்றது. மழை வந்து கழுவிக்கொண்டு போனது. வரும் வழியில் ரோட்டோரமாகக் காய்ச்சலில் சுருண்டு கிடந்தவர்களைப் பார்த்தோம். கல்லில் ஒட்டிய எறும்பை நசுக்காமல் ஊதித் தள்ளிய அந்த மனிதர் லாரியை நிறுத்தவில்லை. அவரை நான் வெறுக்கக்கூட மெனக்கெடவில்லை. என்னிடம் இருந்த வெறுப்பு முழுவதும் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கே வேண்டியிருந்தது.

கடைசியாக எங்கள் தோட்டத்துக்கே வந்தோம். கிழங்கு நடுவதற்காக ஓடைக்கரையில் காட்டை வெட்டியபோது மண்வெட்டியில் ஒரு கருங்கல் தட்டியிருந்தது. செதுக்கிய கல் என்று கிராணிதான் அதிகாரிக்குச் சொல்லி அழைத்து வந்திருந்தான். வேலை செய்துகொண்டிருந்த பெண்களை “போய் அந்தப் பக்கம் புல்லு புடுங்குங்க” என்று விரட்டினான். அதிகாரி மண்ணைத் தள்ளித் துடைத்தார். முழங்கால் உயரச் சதுரக் கல். நடுவில் ஒரு குழி. ஒரு பக்கத்தில் தண்ணீர் வழிய நீட்டிவிட்ட மூக்கு. ஒரு மூலை உடைந்திருந்தது. கல்லை மட்டும் ஒரு படம் எடுத்தேன். இன்னும் துண்டுகள் கிடைக்குமா என்று அதிகாரி ஓடைக்குள் இறங்கிப் போனார்.

“டேய் போட்டோ, எனக்குன்னு ஒண்ணு புடி. அவரு வர்றதுக்குள்ள.”

பக்கத்தில் நிற்பான் என்று நினைத்தேன். நிற்கவில்லை. துரையின் பங்களா ஹாலில் ஒரு படம் மாட்டியிருந்தது. செத்த புலி மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு துரை துப்பாக்கியோடு நிற்பார். கிராணி அதே மாதிரி வலது காலைத் தூக்கி, சப்பாத்தோடு அந்தக் கல்லின் மேல் வைத்தான். இடுப்பில் கை வைத்தான். துப்பாக்கிக்குப் பதிலாகக் குடை. என் அண்ணன் தோளைத் தொட்ட அதே குடை.

அன்று நான் அவனைக் காக்கவைக்கவில்லை. உடனே எடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தான்.

“எங்கடா என் படம்?”

“கெட்டுப்போச்சு கிராணியாரே. தட்டுல வெளிச்சம் பட்டுருச்சு.”

“ஒரு வேலயாச்சும் ஒழுங்கா செய்யிறியா நீ? அண்ணன் மாதிரியேதான்லா நீயும்” என்று திட்டிவிட்டுப் போனான்.

தட்டு கெடவில்லை. நான் எடுத்ததிலேயே அவ்வளவு சுத்தமாக விழுந்த தட்டு வேறு கிடையாது. சப்பாத்தின் கயிறுகூட எண்ணலாம் போல இருந்தது. அப்போது என் மனதில் பெரிய திட்டம் எதுவும் இல்லை. என் அண்ணனைப் படம் பிடித்து மாட்டச் சொன்னவனுக்கு அவன் படம் கிடைக்கக் கூடாது. அவ்வளவுதான் நினைத்தேன். தட்டைத் துணியில் சுற்றி, இருட்டறையில் மருந்துப் பாட்டில்களுக்குப் பின்னால் வைத்தேன். ஜப்பான்காரன் கெடாவைச் சயாமிடம் கொடுத்தபோது அதிகாரி மற்றத் தட்டுகளை வைக்கோல் திணித்த பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கல்லைத் தூக்க அவருக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அது அங்கேயே கிடந்தது.

அது ரொம்ப நாள் கிடக்கவில்லை. புல் பிடுங்கப் போன ஒரு பெண் அந்த மூக்கைப் பார்த்தார்.

“ஐயோ, இது ஆவுடையாரு இல்ல? லிங்கம் ஒக்காருற பீடமில்ல?” என்று கத்தினாராம். மறுநாள் லயமே திரண்டு, மூங்கில் கட்டி, கல்லைத் தூக்கி வந்து லயத்தோரம் முனியாண்டி மரத்தடியில் வைத்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி கட்டினார்கள். பசியும் நோயும் சாவுமாக இருந்த நேரத்தில் மண்ணுக்குள்ளிருந்து சாமியே எழுந்து வந்துவிட்டது என்று அழுதார்கள். முதல் தேங்காயை உடைத்தது கிராணி. சப்பாத்து இல்லை, சட்டை இல்லை, நெற்றி முழுக்க விபூதி. அன்றிலிருந்து கோயில் தலைவரும் அவன்தான்.

ஜப்பான்காரன் தோற்றதும், காட்டிலிருந்து இறங்கிய, தொப்பியில் மூணு நட்சத்திரம் குத்திய ஜப்பான் எதிர்ப்புப் படைக்காரர்கள் ஜப்பானுக்கு உழைத்தவர்களைத் தேடினார்கள். அவன் கோத்தா கோலா மூடாவில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தோடு ஒளிந்துகொண்டான். வெள்ளைக்காரப் பட்டாளம் வந்து சேர்ந்ததும் திரும்பி வந்தான். புதுத் துரை வந்தார். பழைய கிராணியே மறுபடியும் கிராணி. அதே குடையோடு பெரட்டுக்கு வந்தான்.

சயாமிலிருந்து திரும்பிய சிலரில் ஒருவர் அண்ணனைப் பற்றிச் சொன்னார். காலராவில் போனான். ஆற்றங்கரையில் பலரோடு சேர்த்து எரித்தார்கள். அண்ணி அழுது முடித்துவிட்டு, தண்ணீர்க் குழாயடியில் எல்லோரும் இருக்கும்போது சத்தமாகச் சொல்லத் தொடங்கினார். “சோல்ஜருக்கு யாரு என்னன்னு தெரியாது. கொடையால தொட்டது கிராணிதான். மச்சான வுட்டுட்டு எம் புருசனத் தொட்டாரு.” தினமும் சொன்னார். அன்று பெரட்டில் நின்ற பலர் சயாமிலேயே முடிந்து போயிருந்தார்கள். மிஞ்சியவர்கள் அவனிடம் வேலை செய்கிறவர்கள். “சோல்ஜர் காட்டின ஆளத்தான் அவரு தொட்டாரு” என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள்.

அவன் கோயில் கூட்டம் போட்டான்.

“எம் பேரக் கெடுக்குறா அந்தப் பொம்பள. வர்ற வெள்ளிக்கிழம சாமி முன்னால சூடம் அணைச்சு சத்தியம் பண்றேன். நான் யாரையும் காட்டிக் குடுக்கலன்னு. பண்ணிட்டேன்னா, எல்லாரு முன்னாலயும் அவ மன்னிப்புக் கேக்கணும். லயத்து வூட்டக் காலி பண்ணிட்டுப் போவணும். சரியா?”

எல்லோரும் சரி என்றார்கள். தோட்டத்தில் அதுதான் கடைசிக் கோர்ட்டு. எரியும் சூடத்தை வெறும் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. பொய்ச் சத்தியம் செய்தால் குடும்பம் விளங்காது என்று பயந்து, கோழித் திருட்டைக்கூடக் கடைசி நேரத்தில் ஒப்புக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் அவன் பயப்பட மாட்டான். அந்தக் கல் தன்னை ஒன்றும் செய்யாது என்று அவனுக்குத் தெரியும். அவன் அதை மிதித்துப் பார்த்தவன்.

அவன் அணைத்துவிட்டால் அண்ணி பொய்க்காரி. சின்னப் பிள்ளையோடு தெருவில் நிற்பார். அண்ணன் தானாகவே போய்ச் செத்தவனாகிவிடுவான்.

தவுக்கே விட்டுப்போன பெரிய அளவுப் பேப்பரில் ஒரே ஒரு தாள் மிஞ்சியிருந்தது. ஓரம் மஞ்சளாகியிருந்தது. இருட்டறையில் தட்டை வைத்து அதில் அச்சுப் போட்டேன். மருந்துத் தண்ணீருக்குள் முதலில் குடை எழுந்தது, பிறகு சப்பாத்து, பிறகு கல், கடைசியில் முகம். ஈரம் காய்ந்ததும் அண்ணியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணி ரொம்ப நேரம் பார்த்தார்.

“தம்பி, இத எப்ப எடுத்த?”

சொன்னேன்.

“இம்புட்டு நாளும் வச்சிருந்தியா?” என்றார். பிறகு, “நீ ஒண்ணும் பேச வேணாம். இது பேசும்” என்றார்.

வெள்ளிக்கிழமை, வெளிச்சம் இருக்கும்போதே மரத்தடியில் கூட்டம் கூடிவிட்டது. கிராணி குளித்து, ஈர வேட்டியோடு, வெறுங்காலோடு வந்தான். பூசாரி தட்டில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். கையில் பேப்பரில் சுற்றிய படம்.

“என்னாடா போட்டோ, சாமிக்குப் படம் காட்ட வந்தியா?” என்று கிராணி கேட்டான். கூட்டம் சிரித்தது.

நான் பேப்பரைப் பிரித்து, படத்தைக் கல்லின் மேல் சாய்த்து வைத்தேன். வைத்துவிட்டுப் பின்னால் வந்து அண்ணி பக்கத்தில் நின்றுகொண்டேன்.

பூசாரிதான் முதலில் குனிந்து பார்த்தார். படத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“இது நம்ம கல்லுல்ல? அந்த ஒடஞ்ச மூல இருக்கு பாரு.”

“மேல என்னா அது?”

“காலுலா.”

“யாரு காலு?”

“காலு இல்லடா, சப்பாத்து! தொர சப்பாத்துடா! வெள்ளையும் காப்பியுமா போட்டுக்கிட்டுத் திரிஞ்சாருல்ல?”

“சப்பாத்தோடயா? சாமி மேலயா?”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. சாவு வீட்டில் கேட்பது போன்ற சத்தம். எட்டிப் பார்க்கிறவர்களும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களுமாக வரிசை கலைந்தது. கிராணியின் முகத்தில் விபூதி மட்டும்தான் இருந்தது, வேறொன்றும் இல்லை. என்னைத் தேடினான். கண்டுபிடித்தான். தட்டு கெடவில்லை என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

“அப்ப அது சாமி இல்லலா!” என்று கத்தினான். “மண்ணுல கெடந்த கல்லு! யாருக்குத் தெரியும்? நான்தானே மொதத் தேங்கா ஒடச்சேன்!”

அண்ணி முன்னால் போனார். இடுப்பில் குழந்தை.

“சூடம் எரியுது கிராணியாரே. அணைங்க.”

அவன் கையைத் தூக்கினான். கல்லின் மேல் சாய்ந்திருந்த படத்தில் அவன் சிரித்துக்கொண்டு நின்றான். கை பாதியில் நின்றது.

“அணைங்க. நேரமாவுதுல்ல? எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க.”

சூடம் சிறுத்துக்கொண்டே வந்தது. ஒருவரும் மூச்சு விடவில்லை. வெயிலில் அவனை மூச்சு விடாமல் நிறுத்திய மதியங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. நீல நுனி ஒருமுறை துள்ளியது. பிறகு தானாகவே அணைந்தது. தட்டில் கறுப்பு வட்டம் மட்டும் இருந்தது. அவன் கையில் சூடு படவேயில்லை.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தத் தோட்டத்திலிருந்து லாரியில் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. அதற்காக ஒருவரும் அவனை நோக்கி ஒரு கல்லை எடுக்கவில்லை. சப்பாத்துக்காக எடுத்தார்கள். மறுநாள் பெரட்டுக்கு யாரும் வரவில்லை. சாமியை மிதித்தவன் குடைக்கு முன்னால் நிற்க மாட்டோம் என்றார்கள். கல்லைப் பாலாலும் மஞ்சள் நீராலும் கழுவினார்கள். அவன் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகக்கூட ஆள் கிடைக்கவில்லை. புதுத் துரைக்கு வேலை நின்றால் போதும், காரணம் வேண்டாம். கிராணியை அனுப்பிவிட்டார். என் அண்ணனின் உயிரைவிட ஒரு கல்லின் மானம் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. எனக்கு அது முன்பே தெரியும். தெரிந்துதான் அந்தப் படத்தைக் கொண்டுபோனேன். எந்தக் கத்தி வெட்டுமோ அதைத்தானே எடுக்க முடியும்?

அவன் கோலா கெடாவில் ஒரு கருவாட்டு வியாபாரியிடம் கணக்கெழுதப் போனான். தவுக்கே திரும்பி வந்தார். சில வருடங்களில் கடையை எனக்கே கொடுத்துவிட்டு மகனோடு பினாங்குக்குப் போய்விட்டார். எனக்குப் பழைய கோட்டைகளைப் படம் எடுக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. லீவு நாட்களில் பஸ் ஏறிப் போவேன். வருடத்தில் ஒருமுறையாவது கோலா கெடா. கோட்டைக்குச் சம்பான் ஏறும் படித்துறைக்குப் பக்கத்தில்தான் அந்தக் கருவாட்டுக் கடை. படித்துறையில் ஸ்டாண்டை விரித்து, கேமராவை அந்தப் பக்கமாகத் திருப்பி, கறுப்புத் துணிக்குள் போவேன். தட்டுப் போட மாட்டேன். அவன் நிமிர்ந்து பார்ப்பான். கண்ணாடியில் ஒரு நொடி தொங்குவான். பிறகு எழுந்து உள்ளே போய்விடுவான். அதன் பிறகு நான் சம்பானில் ஏறிக் கோட்டைக்குப் போவேன். அங்கே எடுத்த படங்களில் எல்லாம் வெறும் மதில்தான். அளவுக்கு ஆளை நிறுத்துவதை விட்டுவிட்டேன்.

போன மாதம் ஓர் ஆள் கடைக்கு வந்தான். முப்பது வயதிருக்கும். நாடியும் நெற்றியும் பார்த்ததுமே யார் மகன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“அண்ணே, அப்பா எறந்துட்டாரு. பதினாறாம் நாளு படம் வச்சி மால போடணும். வீட்டுல ஒரு படமும் இல்ல. எந்தங்கச்சி கல்யாணத்துலகூட போட்டோ எடுக்க வந்தா எந்திரிச்சிப் போயிருவாரு. அடையாள அட்டையில இருந்த படம் உப்புக் காத்துல வெளுத்து மூஞ்சியே இல்ல. ஜப்பான் காலத்துல நீங்க அவர நெறைய எடுத்தீங்கன்னு ஒருத்தரு சொன்னாரு. பழைய தட்டு ஏதாச்சும் இருக்குமா? ஒண்ணு இருந்தாப் போதும்.”

மரியாதையான பையன். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்து நின்றான்.

அண்ணி என்னோடுதான் இருக்கிறார். வீட்டுச் சுவரில், விளக்கு மாடத்துக்கு மேலே, ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிறார். அதில் படம் கிடையாது. அண்ணன் திதி வரும்போது அந்த ஆணியில் வெறும் மாலையைத் தொங்கவிடுவார். அண்ணன் மகள் சிறுபிள்ளையாக இருந்தபோது, அப்பா எப்படி இருப்பார் என்று என்னைக் கேட்டிருக்கிறாள். மீசை வைத்திருப்பார் என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வரவில்லை.

“இல்ல தம்பி” என்றேன். “வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போச்சு.”

“எல்லாமேவா?”

“எல்லாம்.”

அவன் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனான். நான் உள்ளே போய் மருந்துப் பாட்டில்களை நகர்த்தி, துணியைப் பிரித்து, தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. மறுபடியும் சுற்றி அதே இடத்தில் வைத்தேன்.

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு வெறும் ஆணி இருக்கிறது. இனி அவர்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும்.